நான் அனுப்பிய இன்மை அறிக்கைகள்

சென்ற வருடம் ஜூன் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, என் பேத்தியின் விண்ணப்பம் என் கண்ணெதிரே திருப்பிக் கொடுக்கப்பட்டது. கொடுத்தவர் ஒரு காரணம் சொன்னார். அந்தக் காரணத்தை உண்டாக்கியவன் நான். பல வருடங்களுக்கு முன்பு உண்டாக்கி, கோப்பில் வைத்துக் கட்டிவிட்டு, ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்துவிட்டேன். அது அங்கேயே உயிரோடு இருந்திருக்கிறது.

செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாள் செபத்துக்கு வருகிற உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். கடைசி வரிசையில் தூணை ஒட்டி உட்காரும் கிழவன். பிரான்சிஸ் சார் என்பீர்கள். என் செபம் கேட்கப்பட்டதைப் பற்றி எழுத வேண்டும் என்று பங்குத்தந்தை சொன்னார். கேட்கப்பட்டது உண்மை. எப்படிக் கேட்கப்பட்டது என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அது சாட்சி. இல்லாவிட்டால் அது இன்னொரு பொய் அறிக்கை. பொய் அறிக்கை எழுதி எனக்குப் பழக்கம் உண்டு.

என் மகன் இறந்து நான்கு வருடம் ஆகிறது. அவனுடைய ஒரே மகள் ஜெனிட்டா. அவள் அம்மா பாம்பனில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். ஜெனிட்டா இராமநாதபுரத்தில் என் வீட்டில் தங்கித்தான் பி.பார்ம் படித்தாள். நன்றாகப் படித்தாள். வெளிமாநிலத்தில் ஒரு பெரிய கல்லூரியில் எம்.பார்ம் படிக்க இடமும் கிடைத்தது. ஆகஸ்ட் கடைசிக்குள் கட்டணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும். என் ஓய்வூதியம் மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போகும், அந்தக் கல்லூரிக்குக் காணாது. மேல்படிப்புக்கு அரசாங்கம் தருகிற உதவித்தொகை ஒன்றுதான் வழி. அதை வழங்குகிற மாவட்ட அலுவலகத்தில்தான் நான் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றேன். அலுவலகத்தின் பெயரை எழுதப் போவதில்லை. குற்றம் அலுவலகத்துடையது அல்ல, என்னுடையது.

"தாத்தா, நீங்க வேலை பார்த்த ஆபீசுதானே. ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்" என்றாள். நானும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அவளோடு பெருமையாகத்தான் போனேன்.

இப்போது அங்கே கண்காணிப்பாளராக இருப்பவர் முருகேசன். என் காலத்தில் தட்டச்சராகச் சேர்ந்தவர், என்னிடம் வேலை கற்றவர். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார், தேநீர் வாங்கி வரச் சொன்னார். ஜெனிட்டாவின் விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு முகம் மாறினார்.

"பட்டியல்ல பார்மசி இல்லையே சார்."

இன்ஜினியரிங் இருந்தது, விவசாயம் இருந்தது, மருத்துவம் இருந்தது. மருந்தாளுநர் படிப்பு இல்லை. சேர்க்கச் சொல்லி எழுதலாமே என்றேன். ஒவ்வொரு வருடமும் தலைமை அலுவலகத்தில் இருந்து சுற்றறிக்கை வருமே என்றும் நானே நினைவுபடுத்தினேன். வாய் தானாகச் சொன்னது. 

"வருது சார். இந்த வருஷம் பட்டியலையே திருத்தப் போறாங்க. எந்தப் படிப்பைச் சேக்கலாம், இதுக்கு முன்னாடி யாராச்சும் கேட்டிருக்காங்களான்னு எல்லா மாவட்டத்துக்கும் கடிதம் வந்திருக்கு. ஜூன் முப்பதுக்குள்ள பதில் போகணும். நம்ம மாவட்டத்துல யாரும் கேட்டதில்லைன்னுதானே சார் எப்பவும் போயிருக்கு? இந்தா பாருங்க."

கோப்பை எடுத்துக் காட்டினார். மேலே இருந்து வரிசையாகப் பதின்மூன்று வருடத்து அறிக்கைகள். எல்லாம் ஒரே வாசகம். அதற்குக் கீழே ஒன்பது வருடத்து அறிக்கைகள் என் கையெழுத்தோடு. "பட்டியலில் இல்லாத பாடங்களுக்கு இம்மாவட்டத்தில் விண்ணப்பம் ஏதும் வரப்பெறவில்லை. இன்மை அறிக்கை பணிந்து அனுப்பப்படுகிறது."

"நீங்க போட்டுக் குடுத்த வாசகம்தான் சார். இன்னை வரைக்கும் ஒரு எழுத்து மாத்தல" என்றார் முருகேசன். அவர் அதைப் புகழ்ச்சியாகத்தான் சொன்னார். என்மேல் அவருக்கு அவ்வளவு மரியாதை.

ஜெனிட்டா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துப் படித்தாள். பிறகு கேட்டாள், "யாருமே கேக்கலயா தாத்தா?"

அலுவலக வேலை தெரியாதவர்களுக்கு இதை விளக்க வேண்டும். சுற்றறிக்கைக்கு "ஆம், விண்ணப்பம் வந்தது" என்று பதில் எழுதினால் வேலை கூடும். மூன்று நகல், ஐந்து இணைப்பு, பரிந்துரைக் குறிப்பு, பிறகு மாதக்கணக்கில் தொலைபேசி விசாரணை. "இல்லை" என்று எழுதினால் ஒரே தாள். போன வருடத்துத் தாளைப் பார்த்து அப்படியே எழுதி அனுப்பலாம். ஆகவே நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். பட்டியலில் இல்லாத படிப்புக்கு யார் விண்ணப்பம் கொண்டு வந்தாலும் பதிவேட்டில் ஏற்ற மாட்டோம், எண் போட மாட்டோம். ஜன்னலிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவோம். எண் இல்லாத தாள் வராத தாள். அப்புறம் விண்ணப்பம் வரவில்லை என்று எழுதினால் அது பொய் ஆகாது. பட்டியலில் ஏன் இல்லை? யாரும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? பட்டியலில் இல்லை. இப்படி ஒன்பது வருடம் எத்தனை பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினேன் என்று எனக்குத் தெரியாது. எண்ணுவதற்குப் பதிவேட்டில் ஒன்றும் இல்லை. அப்படித்தான் நான் ஏற்பாடு செய்திருந்தேன்.

ஒருத்தியை மட்டும் தெரியும்.

அவள் பெயர் அமலி. தங்கச்சிமடத்துப் பெண், என் ஊர். அவள் அப்பா சூசை என் வயதுக்காரன். எனக்கு நீந்தக் கற்றுக்கொடுத்தவன். ஐந்தாம் வகுப்போடு அவன் வள்ளத்துக்குப் போனான். நான் அரசாங்க உதவித்தொகையில் எம்.ஏ. வரை படித்தேன். ஆம், நான் படித்ததும் அரசாங்கப் பணத்தில்தான்.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடத்துக்கு முன்னால், சூசை மகளைக் கூட்டிக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தான். கையில் ஓலைப்பெட்டியில் விளைமீன். கூடம் நிறைய ஆட்கள். வாசலில் நின்றே கூப்பிட்டான்.

"ஏலே பிரான்சிசு, எம்புட்டு நாளாச்சு ஒன்னயப் பாத்து."

எனக்குக் கீழே வேலை பார்த்த பன்னிரண்டு பேரும் நிமிர்ந்தார்கள். ஒரு எழுத்தர் வாயைப் பொத்திச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் சூசைமேல் திருப்பினேன்.

"இது ஆபீசு. இங்கன சார்னு கூப்பிடணும்" என்றேன்.

அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்தான். "சரிங்க சார்" என்றான். எனக்கு நீந்தக் கற்றுக்கொடுத்தவன்.

அமலி விண்ணப்பத்தை நீட்டினாள். எம்.பார்ம் படிக்க இடம் கிடைத்திருந்தது. அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். நான் தாளை வாங்காமலேயே சொன்னேன், எல்லாருக்கும் கேட்கும்படி:

"மாத்திரை எண்ணிக் குடுக்கிறதுக்கு எதுக்கு மேல்படிப்பு? உங்க அப்பன் மீனை எண்ணுனான், நீ மாத்திரையை எண்ணுற. அதுவே பெரிய முன்னேற்றம்தான். போயி ஒரு மெடிக்கல்ல நில்லு."

கூடம் சிரித்தது. சூசையும் சிரித்தான். அதை நீங்கள் கவனிக்க வேண்டும். அவமானப்படுத்தியது புரியாமல் சிரிக்கவில்லை. மகளுக்கு வேலை ஆக வேண்டுமே என்று சிரித்தான். மீன் பெட்டியை என் மேசைக்குக் கீழே வைத்துவிட்டுப் போனான். அன்று மத்தியானம் அந்த மீனை என் வீட்டில் குழம்பு வைத்துச் சாப்பிட்டோம்.

அமலி விடவில்லை. திரும்பத் திரும்ப வந்தாள். நான் நாளைக்கு வா, நாளைக்கு வா என்று அனுப்பினேன். கடைசியில் அவள் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தாள். அங்கே எந்த மனுவுக்கும் எண் போட்டே ஆக வேண்டும். அந்த மனு எண்ணோடு என் மேசைக்கு வந்தது. இனி வரவில்லை என்று எழுத முடியாது. எழுதினால் அது முழுப் பொய்.

எழுதினேன். அவளுக்கு "மனு பரிசீலிக்கப்பட்டு முடிக்கப்பட்டது" என்று ஒரு வரி பதில் அனுப்பினேன். மூன்று மாதம் கழித்துச் சுற்றறிக்கை வந்தபோது வழக்கம்போல் இன்மை அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன்.  அவளுக்குக் கிடைத்திருந்த இடம் போனது. அவள் நான் சொன்ன மாதிரியே ஒரு மருந்துக் கடையில் நின்றாள்.

ஆறு வருடத்துக்கு முன்பு சூசை இறந்தான். ஊருக்குப் போயிருந்தேன். கல்லறைத் தோட்டத்தில் குழியில் மண் போட எல்லாரையும்போல் நானும் குனிந்தேன். அமலி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க கை வேண்டாம் சார்" என்றாள்.

கையில் இருந்த மண்ணை என்ன செய்வதென்று தெரியாமல் பேருந்து நிறுத்தம் வரை கொண்டு போனேன். திமிர் பிடித்த பெண் என்று அப்போது நினைத்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

மறுபடியும் அந்த ஜூன் மாதத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். முருகேசன் எனக்காக யோசித்தார். "இந்த வருஷம் மட்டும் ஒரு பிள்ளை கேக்குதுன்னு எழுதுனா, இத்தனை வருஷமா கேக்காததை இப்ப ஏன் எழுதுறேன்னு திருப்பிக் கேப்பாங்க சார். பழைய மனு ஒண்ணு, எண்ணோட இருந்தாப் போதும். அதை வச்சு எழுதிரலாம். பட்டியல்ல ஏறுனா பாப்பாவுக்கும் கிடைச்சிரும்." பழைய மனுக் கோப்புகள் எல்லாம் காலம் முடிந்து அழிக்கப்பட்டுவிட்டன என்றும் சொன்னார்.

ஜெனிட்டாவோடு வீட்டுக்கு வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது கேட்டாள். "நெசமாவே யாரும் கேக்கலயா, இல்ல நீங்க வாங்கலயா?"

நான் சாவியை எடுத்துக் கதவைத் திறந்தேன். அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து எனக்குச் சோறு போட்டு வைப்பாள், மாத்திரை எடுத்து வைப்பாள். வாய் திறக்க மாட்டாள்.

எனக்கு எழுபத்தோரு வயது. மனைவி போய்விட்டாள், மகன் போய்விட்டான். இந்த ஒரு பிள்ளையின் இடம் போகப் போகிறது, அதை நானே பதின்மூன்று வருடத்துக்கு முன்பே பறித்து வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அப்போதுதான் அந்தோணியாரிடம் போனேன். தொலைந்ததைக் கண்டெடுத்துக் கொடுப்பவர் என்றுதானே அவரிடம் போகிறோம். அவருடைய திருவிழாவுக்கு முந்தைய ஒன்பது நாள் நவநாள் அப்போதுதான் தொடங்கியது. ஒன்பது நாளும் முழங்காலில் நின்றேன். ஒரே வேண்டுதல். அந்த மனுவின் நகல் எங்காவது கிடைக்க வேண்டும்.

எங்காவது என்று கேட்டேன். உண்மையில் நான் கேட்டது வேறு. அமலியிடம் மட்டும் இல்லாமல் வேறு எங்காவது கிடைக்க வேண்டும். என் பழைய டைரிகளில், பரண்மேல் இருந்த பெட்டியில், ஓய்வுபெற்ற சக ஊழியர்கள் வீட்டில் எல்லாம் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. ஒன்பதாம் நாள் திருப்பலி முடிந்து எல்லாரும் போன பிறகு கோவிலில் உட்கார்ந்து சத்தமாக அழுதேன். அந்தோணியார்மேல் கோபம் வந்தது. பிள்ளையை ஏன் தண்டிக்கிறீர் என்று கேட்டேன்.

பங்குத்தந்தை வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஆனால் அங்கேயும் முழுவதும் சொல்லவில்லை. முக்கியமான ஒரு தாள் தொலைந்துவிட்டது, கிடைக்கவில்லை என்று அதையே சுற்றிச் சுற்றிச் சொன்னேன். அவர் வயதில் சின்னவர். வீட்டில் சாவி தொலைந்தால் கேட்பதுபோல் கேட்டார்.

"கடைசியா அதை யார் கையில பாத்தீங்க?"

மறுநாள் பஸ் ஏறினேன்.

பாம்பன் பாலத்தைத் தாண்டும்போது இறங்கித் திரும்பிவிடலாமா என்று இருந்தது. பாலத்தில் இறங்க முடியாது. தங்கச்சிமடத்தில் சாலை ஓரத்திலேயே அந்த மருந்துக் கடை. கடையில் கூட்டம். அமலி என்னைப் பார்த்தாள். கண்டுகொள்ளாமல் முன்னால் நின்ற கிழவியின் சீட்டைப் படித்தாள். படித்துவிட்டு மருந்தைக் கொடுக்கவில்லை. யாருக்கோ தொலைபேசியில் பேசினாள். கிழவி ஏற்கெனவே இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார், இப்போது மூட்டு வலிக்கு எழுதியிருக்கும் மாத்திரை அதோடு சேர்ந்தால் உள்ளே இரத்தம் கசியும் என்று மருத்துவரிடம் சொன்னாள். மருத்துவர் மாற்றிச் சொன்னார். அவள் அதைச் சீட்டில் எழுதிக்கொண்டு வேறு மாத்திரை கொடுத்தாள். கிழவிக்கு நடந்தது ஒன்றும் தெரியாது. "சீக்கிரம் குடு ஆத்தா, பஸ்ஸு போயிரும்" என்று திட்டிக்கொண்டே வாங்கிப் போனார்.

மாத்திரை எண்ணுவது என்றால் என்ன என்பதை நான் அன்றுதான் பார்த்தேன்.

என் முறை வந்தது. "என்ன வேணும் சார்?" என்றாள்.

சொன்னேன். பேத்தியைப் பற்றி, பட்டியலைப் பற்றி, ஜூன் முப்பதைப் பற்றி.  முடித்ததும் கேட்டாள்.

"உங்க பேத்தி என்ன படிச்சிருக்கு?"

"பி.பார்ம்."

"மாத்திரை எண்ணவா சார்?"

நான் தலை குனிந்தேன். மனுவின் நகலும் எண் போட்டுக் கொடுத்த ஒப்புகைச் சீட்டும் வீட்டில் பத்திரமாக இருக்கின்றன என்றாள். நாளைக்கு வரச் சொன்னாள். மறுநாள் போனேன். எடுத்து வர மறந்துவிட்டதாகச் சொன்னாள். "நாளைக்கு வாங்க சார்." அந்தக் குரல் எனக்குத் தெரியும், அது என் குரல். மூன்றாம் நாளும் போனேன். நான்கு மணி நேரம் கடைக்கு வெளியே வெயிலில் நிற்க வைத்தாள். உட்காரச் சொல்லவில்லை. மீன் விற்கும் பெண் ஒருத்தி, "யாரு தாயி இந்தப் பெரியவரு, மூணு நாளா நிக்கிறாரு?" என்று கேட்டாள்.

"எங்க அப்பாவோட கூட்டாளி" என்றாள் அமலி.

பிறகு என்னை உள்ளே கூப்பிட்டாள். பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்துப் பின்பக்கம் திருப்பி என் முன்னால் வைத்தாள்.

"அன்னைக்கு எங்க அப்பாவை நிக்க வச்சு என்ன சொன்னீங்களோ, அதை எழுதுங்க. பேரு, பதவி எல்லாம் போட்டு எழுதுங்க."

எழுதினேன். ஒரு சொல்லும் மறக்கவில்லை. மறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வாசிங்க. இங்க நிக்கிறவங்களுக்குக் கேக்கணும்."

வாசித்தேன். கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லாரும் என் ஊர்க்காரர்கள். எல்லாருக்கும் சூசையைத் தெரியும். அப்பன் மீனை எண்ணினான் என்ற இடத்தில் என் குரல் போய்விட்டது. "திரும்ப அந்த வரியில இருந்து" என்றாள். திரும்ப வாசித்தேன். மீன்காரப் பெண் சொன்னாள், "பெரிய படிப்புப் படிச்ச வாயி பேசுற பேச்சா இது." வேறு யாரும் எதுவும் சொல்லவில்லை. யாராவது ஒருவர் போதும் விடு என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். என் கூடத்தில் அன்று யாரும் சொல்லவில்லை. இங்கே மட்டும் ஏன் சொல்ல வேண்டும்?

அந்தத் தாளை அவள் மடித்து வைத்துக்கொண்டாள். மேசை இழுப்பறையில் இருந்து நகலையும் சீட்டையும் எடுத்துக் கொடுத்தாள். மூன்று நாளும் அங்கேயேதான் இருந்திருக்கின்றன.

"மூணு நாளுதான் சார் நீங்க வந்தீங்க. நான் எத்தனை நாள் வந்தேன்னு தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"ஒன்பது நாள். ஒவ்வொரு நாளும் எங்க அப்பா வள்ளத்துக்குப் போகாம கூட வந்துச்சு." பிறகு சொன்னாள், "இதை உங்க பேத்திக்காகத் தரல. உங்களுக்காகவும் தரல. எனக்கு முப்பத்தேழு. வயசு வரம்பு தாண்டியாச்சு. எனக்குப் பின்னால நிக்கிறவங்களுக்காகத் தாரேன். நான் மன்னிச்சுட்டேன்னு போயி கோயில்ல சொல்லிராதீங்க."

சொல்லவில்லை. அவள் மன்னிக்கவில்லை என்பதைத்தான் இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

இராமநாதபுரம் திரும்பிய அன்றே அலுவலகத்துக்குப் போனேன். மனுவோடு என் கைப்பட எழுதிய ஒரு வாக்குமூலத்தையும் இணைத்தேன். எண்ணிட்ட மனு கையில் இருந்தும் இல்லை என்று நான் அறிக்கை அனுப்பினேன், அதற்கு முந்தைய அறிக்கைகளும் உண்மைக்கு மாறானவை, பின்னால் வந்தவர்கள் என்னை நம்பி அதையே எழுதினார்கள் என்று எழுதினேன். முருகேசன் கையைப் பிடித்துக்கொண்டார். "மனு மட்டும் போதும் சார். இதை எதுக்கு வைக்கிறீங்க? பென்ஷன்ல கை வச்சிருவாங்க. பேரு கெட்டுப்போகும்." மனு மட்டும் போனால் மறுபடியும் தவறு ஒரு காகிதத்தின் தவறாகிவிடும் என்றேன். அவர் எண் போட்டுக் கொடுத்தார். என் வாழ்நாளில் பயத்தோடு வாங்கிய முதல் எண் அது.

நான் கேட்ட தாள் கிடைத்தது. அந்தோணியார் ஏமாற்றவில்லை. ஆனால் நான் கேட்டது தாளைத்தான்.

ஆகஸ்ட் முடிந்தது. அரசாணை வரவில்லை. ஜெனிட்டாவின் இடம் போனது. கடைசி நாள் மாலை ஐந்து மணி வரை கல்லூரியின் கடிதத்தை மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஐந்து அடித்ததும் மடித்து வைத்தாள். "அமலி அக்காவுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்ல?" என்றாள். கிட்டத்தட்ட மூன்று மாதத்துக்குப் பிறகு அவள் என்னிடம் சொன்ன முதல் வாக்கியம்.

ஆணை தை மாதத்தில் வந்தது. மேல்படிப்பு உதவித்தொகைப் பட்டியலில் மருந்தாளுநர் படிப்பு சேர்க்கப்பட்டது. இன்னும் பல மாவட்டங்களும் எழுதியிருந்தன. எங்கள் மாவட்டமும் அவற்றில் ஒன்று. முருகேசன் வீட்டுக்கே வந்து நகல் கொடுத்தார். அதோடு இன்னொரு கடிதமும் கொடுத்தார். என் வாக்குமூலத்துக்கான பதில். காலம் கடந்த விஷயம் என்பதால் மேல்நடவடிக்கை தேவையில்லை, மனு பரிசீலிக்கப்பட்டு முடிக்கப்பட்டது. ஒரு வரி. தண்டனை கிடைத்தால் கொஞ்சம் பாரம் குறையும் என்று நம்பி இருந்தேன். என் வாசகத்தையே எனக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஆண்டவர் எல்லாவற்றையும் வைத்திருக்கிறார். எதையும் அவர் தொலைப்பதில்லை.

இந்த வருடம் எங்கள் மாவட்டத்தில் இந்தப் படிப்புக்கு ஒரே ஒரு உதவித்தொகை. ஜெனிட்டா விண்ணப்பித்தாள். திருவாடானைப் பக்கத்தில் இருந்து ஒரு விவசாயி மகளும் விண்ணப்பித்தாள். அந்தப் பெண்ணுக்கு மதிப்பெண் அதிகம். அவளுக்குக் கிடைத்தது. அது நியாயம். அவளை நான் பார்த்ததில்லை. நான் முழங்காலில் நின்று வாங்கியதை ஆண்டவர் என் வீட்டைத் தாண்டிக் கொண்டுபோய் அவள் வீட்டில் கொடுத்தார். அன்று இரண்டு வேளை எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாவது வேளை சாப்பிட்டேன். சாப்பிடுவதற்கு முன்பு அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லி நன்றி சொன்னேன். நடிப்பு இல்லாமல் நான் சொன்ன முதல் நன்றி அதுவாக இருக்கலாம்.

ஜெனிட்டா இப்போது அமலியின் கடையில் வேலை பார்க்கிறாள். யார் யாரைக் கேட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. அடுத்த வருடம் மறுபடியும் விண்ணப்பிப்பாள். அவளுக்கு வயது இருக்கிறது.

நான் வாரத்தில் மூன்று நாள் அந்த அலுவலக வாசலில் உட்காருகிறேன். வருகிற பிள்ளைகளுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறேன். எண் வாங்காமல் போகாதே என்று ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். இந்த வருடச் சுற்றறிக்கைக்குப் போன பதிலில் வேறு நான்கு படிப்புகளின் பெயர் இருந்தது. இன்மை என்ற சொல் இல்லை.

செவ்வாய்க்கிழமைகளில் அமலியும் நவநாளுக்கு வருகிறாள். ஜெனிட்டாவும் அவளும் ஒரே பஸ்ஸில் வந்து, எனக்கு நான்கு வரிசை முன்னால் உட்காருகிறார்கள். திருப்பலியில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் எல்லாரும் முன்னும் பின்னும் திரும்பிக் கைகூப்புகிறீர்கள். அமலி பின்பக்கம் திரும்புவதில்லை. நான் அவள் முதுகைப் பார்த்துக் கைகூப்பி நிற்கிறேன். அவள் திரும்ப வேண்டும் என்று நான் செபிப்பதில்லை. அது நான் கேட்கக்கூடிய பொருள் அல்ல.

உங்களில் எத்தனையோ பேர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை செய்கிறீர்கள். உங்கள் ஜன்னலுக்கு ஒரு தாள் வந்திருக்கும், எண் போடாமல் திருப்பி அனுப்பியிருப்பீர்கள். தொலைந்ததைக் கேளுங்கள், அந்தோணியார் கட்டாயம் கண்டெடுத்துத் தருவார். எனக்குத் தந்தார். ஆனால் கேட்கும் முன்பு, கடைசியாக அதை யார் கையில் பார்த்தோம் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அவர்கள் வாசலுக்குத்தான் அவர் உங்களை அனுப்புவார். போய் நில்லுங்கள். உட்காரச் சொல்லாவிட்டாலும் நில்லுங்கள்.